கிண்ணமும் கொழுந்துக் கூடையும்: சேர் தொமஸ் லிப்டன் வாழ்க்கை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

ஒருவரது வாழ்க்கை எவ்வாறு எழுதப்படுகிறது என்பதைக் கொண்டு, அதனை எழுதுவித்த சமூகத்தின் தேவைகளை நாம் ஓரளவுக்கு உய்த்துணரலாம். முதலாளித்துவம் வளர்ச்சி பெற்ற நாடுகளிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து செல்வாக்குப் பெற்ற வாழ்க்கை வரலாற்று மரபொன்று உண்டு. வறுமையிற் பிறந்த சிறுவன் உழைப்பு, சிக்கனம், துணிவு ஆகியவற்றால் உயர்ந்து பெருஞ் செல்வனாகிறான் என்பதே அதன் கதைப்பின்னல். சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859இல் வெளியிட்ட ‘செல்ஃப் ஹெல்ப்’ என்னும் நூல் இம்மரபுக்கு இலக்கணம் வகுத்தது எனலாம். அவ்விலக்கணத்துக்கு ஏற்ற இலக்கியமாக அமைந்தவர் சேர் தொமஸ் லிப்டன்.

லிப்டனின் பெயர் இலங்கையருக்குப் புதியதன்று. கொழும்பு நகரின் சுற்றுவட்டமொன்று நெடுங்காலமாக அவர் பெயராலேயே வழங்கி வந்துள்ளது. ஹப்புத்தளைக்கு அப்பால், தம்பேதன்ன தோட்டத்துக்கு மேலேயுள்ள மலைமுனை ‘லிப்டன் இருக்கை’ எனப்படுகிறது. தமது தேயிலைக் காணிகளை அவர் அங்கிருந்து பார்வையிட்டார் என்பது வழிவழிச் செய்தி. ஆயின், அமெரிக்காவிலே அவர் பெரும் புகழ் பெற்றது பாய்க்கப்பற் பந்தயத்தினாலாகும். ‘அமெரிக்கக் கிண்ணம்’ எனப்படும் பரிசுக்காக 1899 முதல் 1930 வரை ஐந்து முறை போட்டியிட்டு, ஐந்து முறையும் தோற்று, தோல்வியைப் புன்னகையுடன் ஏற்ற கனவான் என்றே அவரை அந்நாட்டார் நினைவிற் கொண்டனர்.

தேயிலை வணிகரான லிப்டனையும் பந்தய வீரரான லிப்டனையும் வெவ்வேறாக வைத்துப் பேசுவதே வழக்கம். முன்னையது தொழில், பின்னையது பொழுதுபோக்கு என்பது அதன் உட்கருத்து. இப்பிரிப்பு ஏற்புடையதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. லிப்டனைத் தனிப்பட்ட கொடியவராகச் சித்திரிப்பது எமது நோக்கமன்று. தமது வர்க்கத்தாருட் பலரைவிடத் தாராள மனங்கொண்டவராகவே அவர் காணப்படுகிறார். அத்தகைய ஒருவரது வாழ்க்கையே அவ்வர்க்கத்தின் இயக்கவிதியை நன்கு புலப்படுத்தும்.

2

லிப்டன் 1848இலே கிளாஸ்கோ நகரின் கோர்பல்ஸ் பகுதியிற் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்ரரிலிருந்து வந்தோர். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் பல இலட்சம் ஐரிஷ் குடியானவரைப் பலிகொண்டு, எஞ்சியோரிற் பெருந்தொகையினரைக் கிளைட் ஆற்றங்கரைக்கும் அமெரிக்காவுக்கும் துரத்திய காலம் அது. கிளாஸ்கோவிலே தந்தையார் சிறு பலசரக்குக் கடையொன்றை நடத்தினார். மகன் பத்து வயதளவிற் பாடசாலையை விட்டு, அச்சகத்தில் ஏவலாளாகவும் பின்னர் பெல்பாஸ்ற்றுக்குச் செல்லும் நீராவிக் கப்பலிலே பணியாளாகவும் வேலை செய்தார். சிறிது பணம் சேர்ந்ததும் அமெரிக்கா சென்றார்.

அமெரிக்காவிற் கழித்த ஆண்டுகளை அவரது சரித்திரகாரர் வீரசாகசமாக வருணிப்பர். எமது ஆய்வுக்கு முக்கியமானவை இரு செய்திகளே. வர்ஜீனியாவிலே புகையிலைத் தோட்டத்திலும் தென் கரோலைனாவிலே நெற்பண்ணையிலும் அவர் வேலை பார்த்தார். உள்நாட்டு யுத்தம் 1865இல் முடிந்து, அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து சில காலமே சென்றிருந்தது. பெருந்தோட்டம் என்னும் உற்பத்தி அமைப்பை லிப்டன் முதன்முதலாகக் கண்டது அங்கேயே. அடுத்து, நியூயோர்க்கின் பெரிய கடையொன்றிலே பலசரக்குப் பிரிவில் வேலை செய்தபோது, பொருளைக் காட்சிப்படுத்தி வாடிக்கையாளரைக் கவரும் அமெரிக்க முறையைக் கற்றுக்கொண்டார். உற்பத்திக் களத்தையும் விற்பனைக் களத்தையும் இளமையிலேயே ஒருசேரக் காணும் வாய்ப்பு இவ்வாறு அவருக்குக் கிடைத்தது.

நாடு திரும்பி 1871இலே கிளாஸ்கோவின் ஸ்ரொப்குரொஸ் வீதியில் முதற் கடையைத் திறந்தார். இருபது ஆண்டுகளுக்குள் பிரித்தானிய நகரங்களெங்கும் அவரது கடைகள் நூற்றுக்கணக்கிற் பெருகின. இவ்வளர்ச்சியை அவரது கடின உழைப்பைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது. 1870களின் நடுப்பகுதியிலிருந்து புகையிரதமும் நீராவிக் கப்பலும் அமெரிக்கத் தானியத்தையும் இறைச்சியையும் மலிவாக ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தன. உணவு விலை வீழ்ந்தது. கைத்தொழிற் பாட்டாளிகளின் கூலி அதே வேகத்தில் வீழவில்லை. வாரக்கூலி பெறும் இலட்சக்கணக்கானோர் வெண்ணெய், பன்றியிறைச்சி, முட்டை முதலியவற்றை ஒழுங்காக வாங்கத் தொடங்கினர். இடைத்தரகரை நீக்கி அயர்லாந்துப் பண்ணைகளிலிருந்து நேரே கொள்வனவு செய்தமை, ஐக்கிய அமெரிக்காவிலே இறைச்சி பதனிடும் தொழிலில் முதலிட்டமை, கடனின்றிக் கைக்காசுக்கு விற்றமை ஆகியன இப்புதிய சந்தைக்கு இசைந்த முறைகள்.

விளம்பரத்தின் வலுவை அவர்போல் உணர்ந்தோர் அக்காலத்திற் சிலரே. 1881ஆம் ஆண்டு நத்தாரின்போது அமெரிக்காவிலிருந்து மாபெரும் பாற்கட்டி ஒன்றை வரவழைத்து, அதனுள்ளே தங்கப் பவுண்களைப் புதைத்து விற்றார். கூட்டத்தைக் கட்டுப்படுத்தப் பொலிசார் வரவேண்டியதாயிற்று. பண்டத்தை விற்பதற்குப் பண்டத்தைச் சுற்றி ஒரு காட்சியை உருவாக்க வேண்டும் என்ற இவ்வுணர்வு அவரது பிற்கால வாழ்க்கை முழுவதற்கும் திறவுகோலாகும்.

3

லிப்டன் இலங்கைக்கு வந்தது 1890இல். அவுஸ்திரேலியாவுக்கு விடுமுறையிற் செல்வதாகக் கூறிப் புறப்பட்டவர் கொழும்பில் இறங்கினார். அவர் வந்த வேளை மிகப் பொருத்தமானது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிர்ச்செய்கையை அழித்திருந்தது. தோட்டங்களுக்குக் கடன் வழங்கிய ஒறியன்ரல் வங்கி 1884இல் முறிந்தது. துரைமார் பலர் காணிகளை விற்றுச் சென்றனர். மறுபுறத்திலே, ஜேம்ஸ் ரெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை, 1890களின் தொடக்கத்திலே இரண்டு இலட்சம் ஏக்கரைத் தாண்டிப் பரவியிருந்தது. ஆகவே இலங்கைத் தேயிலையின் தந்தை லிப்டன் என்னும் பாமர நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. ஏனையோர் காடழித்து, பிழைத்து, தோற்று உருவாக்கிய தொழிலிலே, விலை வீழ்ந்த காணிகளை வாங்கி நுழைந்தவர் அவர். தம்பேதன்ன, லேமஸ்ரோட், மொனரகந்த முதலிய தோட்டங்கள் இவ்வாறே அவர் வசமாயின.

அவர் கொணர்ந்த புதுமை சந்தைப்படுத்தலிலேயே இருந்தது. அதுவரை கடைக்காரர் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்த தேயிலையை, இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் பொதிகளாக்கித் தமது பெயரைப் பொறித்தார். ஏனையோர் இரண்டரை, மூன்று ஷில்லிங்குக்கு விற்ற தேயிலையை 1 ஷில்லிங் 7 பென்சுக்கு விற்றார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கேத்தலுக்கு என்னும் கருத்துப்பட அமைந்த அவரது விளம்பரத் தொடர் உலகெங்கும் பரவியது. உண்மையிலோ அவர் விற்ற தேயிலையிற் பெரும்பகுதி அவரது தோட்டங்களில் விளைந்ததன்று. ஏலச் சந்தைகளில் வாங்கிக் கலந்ததேயாகும். தோட்டங்கள் அவருக்கு உற்பத்தி மூலமாக இருந்ததைவிட விளம்பர மூலமாகவே கூடுதலாகப் பயன்பட்டன.

அத்தோட்டங்களில் உழைத்தோர் யாவர்? திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட தமிழ்க் குடியானவரும் நிலமற்ற கூலிகளுமே. அவர்களிற் பெரும்பாலானோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தோர். 1876–78ஆம் ஆண்டுகளின் சென்னை மாகாணப் பஞ்சம் இப்பெயர்வைப் பன்மடங்காக்கியது. இங்கு ஓர் ஒப்புமை மனங்கொள்ளத்தக்கது. லிப்டனின் பெற்றோரைக் கிளாஸ்கோவுக்குத் துரத்தியதும் பஞ்சமே. இம்மக்களை மலைநாட்டுக்குத் துரத்தியதும் பஞ்சமே. இரண்டும் ஒரே ஏகாதிபத்தியத்தின் ஆட்சியில் நிகழ்ந்தவை. ஒரு பஞ்சத்தின் மகன் மற்றொரு பஞ்சத்தின் மக்களுக்கு எசமானனாக அமைந்தமையைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது.

இருசாராரும் புறப்பட்ட இடம் ஒன்றாயினும் எதிர்கொண்ட நிலைமைகள் வேறு. கிளாஸ்கோச் சிறுவன் ஒரு வேலையை விட்டு மறுவேலைக்குப் போகலாம், கப்பலேறிக் கடல் கடக்கலாம், மீண்டும் வரலாம். அவனது ‘துணிவு’ செயற்படுவதற்கு இச்சுதந்திரம் முன்நிபந்தனையாக இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கோ, 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். வழிச்செலவும் அரிசியும் கடனாக அவன் பெயரில் எழுதப்பட்டன. அவன் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமாயின், அக்கடன் தொகையைக் குறிக்கும் ‘துண்டு’ வேண்டும். புதிய துரை அத்தொகையைச் செலுத்தினாலன்றி விடுதலை இல்லை. துண்டுமுறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது. லிப்டன் தோட்டங்களை வாங்கி அப்போது முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தன. சிக்கனத்தினால் உயரலாம் என்ற ஸ்மைல்ஸின் போதனை, கடனோடு வேலையைத் தொடங்குபவனுக்கு எவ்வாறு பொருந்தும்?

பிரித்தானியத் தொழிலாளியின் மேசைக்கு மலிவுத் தேநீர் வந்த வழி இதுவே. இவ்வுண்மை இரு நாட்டுப் பாட்டாளிகளுக்கும் சங்கடமானது. எனினும் அதனை மறைத்து எழுதும் தொழிலாளர் வரலாறு எதுவும் முழுமையுடையதாகாது.

4

1898ஆம் ஆண்டு லிப்டனின் வாழ்க்கையிலே திருப்புமுனையாக அமைந்தது. முந்திய ஆண்டிலே விக்டோரியா மகாராணியின் வைரவிழாவையொட்டி இலண்டன் ஏழைகளுக்கு நடத்தப்பட்ட விருந்துக்கு அவர் 25,000 பவுண் வழங்கியிருந்தார். 1898 தொடக்கத்திலே ‘சேர்’ பட்டம் கிடைத்தது. அவ்வாண்டிலேயே அவரது நிறுவனம் பகிரங்கக் கம்பனியாக்கப்பட்டு, பங்குகளை வாங்க மக்கள் முண்டியடித்தனர். அவ்வாண்டிலேயே ‘எறின்’ என்னும் நீராவி உல்லாசக் கப்பலை வாங்கி, அமெரிக்கக் கிண்ணத்துக்கான சவாலையும் விடுத்தார். பட்டம், பங்குச் சந்தை, பாய்க்கப்பல் ஆகிய மூன்றும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தமை கவனிப்புக்குரியது.

அக்கிண்ணம் 1851இலே ‘அமெரிக்கா’ என்னும் கப்பல் இங்கிலாந்துக் கடலில் வென்று சென்றது. நியூயோர்க் பாய்க்கப்பற் கழகத்தின் வசம் இருந்தது. எதிரணியின் தராதரத்தை விளங்கிக்கொள்ள ஒரு பெயரே போதும்: 1899இல் லிப்டனை வென்ற ‘கொலம்பியா’வின் உரிமையாளருள் ஒருவர் வங்கியதிபர் ஜே. பி. மோர்கன். சுதந்திரப் போட்டிக் கால முதலாளித்துவம் ஏகபோகமாக மாறிக்கொண்டிருந்த வேளையிலே, அவ்வேகபோகத்தின் தலைவர்கள் ஓய்வுநேரத்திற் பொருதிய களம் அது. தோர்ஸ்ரீன் வெப்லன் ‘ஓய்வு வர்க்கத்தின் கோட்பாடு’ என்னும் நூலை வெளியிட்டுப் பகட்டு நுகர்வு என்ற கருத்தை முன்வைத்ததும் 1899ஆம் ஆண்டே.

தமது கப்பல்கள் யாவற்றுக்கும் லிப்டன் ‘ஷம்றொக்’ என்றே பெயரிட்டார். அயர்லாந்தின் சின்னமான மூவிலைத் தழையின் பெயர் அது. அமெரிக்க நகரங்களிலே பெருந்தொகையினராயிருந்த ஐரிஷ் குடியேறிகளின் உள்ளத்தை அப்பெயர் தொட்டது. 1899, 1901, 1903 ஆகிய மூன்று முறையும் மூன்றுக்குப் பூச்சியம் எனத் தோற்றார். 1903இல் எதிர்நின்ற ‘றிலையன்ஸ்’ 16,000 சதுர அடிக்கு மேற்பட்ட பாய் விரித்த பேருருவம். அதனைச் செலுத்த அறுபதுக்கு மேற்பட்ட மாலுமிகள் வேண்டியிருந்தனர். சவால் விடுக்கும் கப்பல் அத்திலாந்திக்கைத் தானே கடந்து வரவேண்டும் என்ற விதி, ஷம்றொக்குகளை உறுதியாகக் கட்ட வேண்டிய நிர்ப்பந்தத்தை ஏற்படுத்தியது. பாதுகாக்கும் கப்பலுக்கு அக்கட்டாயம் இல்லை. 1914இற் குறிக்கப்பட்ட நான்காவது போட்டி உலகயுத்தத்தால் 1920வரை தள்ளிப்போயிற்று. அதிலே ‘ஷம்றொக் 4’ முதலிரு ஓட்டங்களையும் வென்றது. இன்னும் ஒரு வெற்றியே தேவைப்பட்டது. அடுத்த மூன்றையும் ‘றெசொலூட்’ வென்றது.

லிப்டன் கப்பலோட்டி அல்லர்; கப்பலுடைமையாளர். முதல் மூன்று போட்டிகளிலும் சுக்கான் பிடித்தோர் கூலிபெறும் தொழின்முறை மாலுமிகளே. ஷம்றொக்குகளிற் பணிபுரிந்தோரிற் பலர் எசெக்ஸ் கரையோரக் கிராமங்களின் மீனவர். குளிர்காலத்திற் கடலில் வலைவீசியும் சிப்பி வாரியும் கோடையிற் சீமான்களின் பாய் இழுத்தும் பிழைத்தோர். 1903 ஏப்ரிலிலே வேமத் நகருக்கு அண்மையில் ‘ஷம்றொக் 3’இன் பாய்மரம் முறிந்தபோது மாலுமியொருவர் உயிரிழந்தார். இம்மூன்று போட்டிகளிலும் அமெரிக்கக் கப்பலை வெற்றிக்கு இட்டுச் சென்ற சார்ளி பார், லிப்டன் வளர்ந்த அதே கிளைட் நதியின் முகத்துவாரத்து ஊரான கூறொக்கிற் பிறந்தவர். இளமையிற் பலசரக்குத் தொழில் பயின்றவர். அந்நதிக்கரையிற் பலசரக்குத் தொழிலிற் கால்வைத்த இருவருள் ஒருவர் உடைமையாளரானார், மற்றவர் சம்பளக்காரராயிருந்தார். வெற்றியும் தோல்வியும் உடைமையாளரின் பெயரிலேயே பதிவாயின.

இங்கிலாந்தின் உயர்குலம் அவரை முற்றாக ஏற்றுக்கொள்ளவுமில்லை. ஏழாம் எட்வேட் மன்னரின் நட்பு அவருக்கிருந்தது. 1901இலே ‘ஷம்றொக் 2’இன் பாய்மரம் முறிந்தபோது மன்னர் அக்கப்பலிலேயே இருந்தார். ஆயினும் கவ்ஸ் நகரிலுள்ள றோயல் யொட் ஸ்குவாட்றன் என்னும் கழகம் பலசரக்குக்காரரை அங்கத்தவராக்க விரும்பவில்லை. ஐந்து சவால்களையும் அவர் றோயல் அல்ஸ்ரர் கழகத்தின் பெயரிலேயே விடுத்தார். ஸ்குவாட்றனின் கதவு 1931இலே, அவர் மரணத்தறுவாயிலிருந்தபோதுதான் திறந்தது. நிலவுடைமை வழிவந்த பிரபுத்துவத்துக்கும் சந்தையிலிருந்து எழுந்த புதுச் செல்வத்துக்குமிடையிலான முரண்பாட்டை இது நன்கு காட்டுகின்றது. தாயகத்துச் சீமான்கள் மறுத்த கனவான் தகுதியை அவர் அமெரிக்கப் பத்திரிகைகளிலே பெற்றுக்கொண்டார்.

இங்குதான் தோல்வியின் பொருளாதாரத்தை நாம் காண்கிறோம். ஒவ்வொரு சவாலும் ஐக்கிய அமெரிக்காவின் பத்திரிகைகளிலே மாதக்கணக்காகச் செய்தியாயிற்று. ‘லிப்டன்’ என்ற பெயர் விளம்பரக் கட்டணமின்றி வீடுதோறும் சென்றது. வென்றிருந்தால் அமெரிக்கரின் பெருமிதத்தைப் புண்படுத்தியிருப்பார். தோற்றதனால் அவர்களது அன்பைப் பெற்றார். 1930இலே, 82ஆவது வயதில், ‘என்ரர்பிறைஸ்’ கப்பலிடம் நான்குக்குப் பூச்சியம் எனத் தோற்றபோது, நகைச்சுவையாளர் வில் றொஜர்ஸின் வேண்டுகோளுக்கிணங்கப் பொதுமக்கள் பணம் சேர்த்துப் பொற்கிண்ணமொன்றை அவருக்குப் பரிசளித்தனர். அது பெருமந்தத்தின் தொடக்க காலம் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். அவர் திட்டமிட்டே தோற்றார் என்று கூறுவதற்கில்லை. வெல்ல வேண்டுமென்றே மிகச் சிறந்த கப்பற் சிற்பிகளை அமர்த்தினார். ஆனால் அவரது முதலீட்டின் அமைப்பு வெற்றி தோல்வி இரண்டையும் இலாபமாக்கவல்லதாக இருந்தது.

5

இலக்கிய மாணவர் என்ற முறையில் எம்மை ஈர்ப்பவை லிப்டன் விட்டுச்சென்ற பனுவல்கள். அவரது மறைவையொட்டி வெளிவந்த ‘லீவ்ஸ் ஃபுறொம் த லிப்டன் லொக்ஸ்’ என்னும் தன்வரலாற்றின் பெயரே சிலேடை: கப்பற் குறிப்பேட்டின் தாள்களும் தேயிலையின் இலைகளும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. இவ்விரண்டையும் அவரே ஒன்றாகக் கண்டார் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. தாயன்பு, நேர்மை, நல்லூழ் ஆகியனவே தன்வரலாற்று நாயகனை இயக்கும் சக்திகள். உழைப்பு அவனுடையது மட்டுமே.

இரண்டாவது பனுவல் விளம்பரச் சித்திரம். நேர்த்தியாகச் சேலை உடுத்து, கூடை தாங்கி நிற்கும் தமிழ்ப் பெண்ணின் உருவம் லிப்டன் விளம்பரங்களிலே திரும்பத் திரும்ப இடம்பெற்றது. அக்கூடைக்குப் பாரமில்லை, அட்டைக்கடியில்லை, பிரட்டுக் களத்தின் பனியில்லை, நிறுவையிற் கழிக்கப்படும் இறாத்தல் இல்லை. பெண்ணுக்குப் பெயருமில்லை. பொருளை உண்டாக்கிய மனித உறவு மறைந்து, பொருளே உயிருள்ளதுபோற் பேசும் நிலையை மார்க்ஸ் பண்ட வழிபாடு என்றார். லிப்டன் பொதியிலே ஒருபடி மேலே சென்று, மறைக்கப்பட வேண்டிய உழைப்பாளியே அழகுப்படுத்தப்பட்டு மறைப்புத் திரையாகிறாள்.

இச்சித்திரத்துக்கு மறுமொழி ஈழத்து இலக்கியத்திலிருந்தே வந்தது. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்திலும் தமிழிலும் மலையக மக்களின் வாழ்வை எழுதியும் அவர்களது பாடல்களைத் தொகுத்தும் பணியாற்றினார். என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்னும் சிறுகதையின் தலைப்பிலேயே கூடை தன் பாரத்தைத் திரும்பப் பெறுகின்றது. விளம்பரத்தில் அலங்காரமாயிருந்த கூடை இலக்கியத்தில் உழைப்பின் அளவாயிற்று. மலையக இலக்கியத்தைப் பிரதேச இலக்கியம் என்று மட்டும் வகைப்படுத்துவோர், அது உலக முதலாளித்துவத்தின் மிகப் பரந்த விளம்பரமொன்றுக்கு எழுதப்பட்ட எதிர்ப்பனுவலாகவும் அமைவதைக் கவனிப்பதில்லை.

6

லிப்டன் 1931 ஒக்ரோபர் 2ஆந் திகதி இலண்டனுக்கருகிற் காலமானார். மணம் செய்யாத அவர் தமது செல்வத்தின் பெரும்பகுதியைக் கிளாஸ்கோவின் ஏழைகளுக்கும் வைத்தியசாலைகளுக்கும் எழுதிவைத்தார். அது போற்றத்தக்க செயலே. யுத்தகாலத்திலே ‘எறின்’ கப்பலிற் சேர்பியாவுக்கு வைத்தியரையும் தாதியரையும் அழைத்துச் சென்றதும் அவ்வாறே. எனினும் அச்செல்வம் திரண்ட வழிகளில் ஒன்று ஹப்புத்தளை மலைச்சரிவுகளூடாகவும் சென்றது. ஈகை திரும்பிய திசை உடைமையாளரின் பிறந்தகம். அவ்வீகையைச் சாத்தியமாக்கிய உழைப்பின் ஒரு பகுதி பிறிதோரிடத்தது. குடியேற்ற நாட்டு மிகைப்பெறுமானம் தாயகத்திலே அறக்கொடையாக மாறும் இவ்வியக்கத்துக்கு லிப்டன் ஒருவர் மட்டுமல்லர் உதாரணம்.

அதே 1931இலே கோ. நடேசய்யர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். சர்வசன வாக்குரிமையின்கீழ் முதலாவது அரசாங்க சபைத் தேர்தலும் அவ்வாண்டிலேயே நடந்தது. சித்திரத்திலே பெயரற்றிருந்தோர் சங்கத்தின் அங்கத்தவராகவும், தகைமை பெற்ற அளவில் வாக்காளராகவும் பெயர் பெறத் தொடங்கினர். அப்பெயரும் நிலைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. பிரச்சினை சட்டப்படி தீர்வதற்கு 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இக்காலம் முழுவதும் ‘சிலோன் ரீ’ தன் பெயரை இழக்கவில்லை. 1972இலே நாடே பெயர் மாறியபோதும் தேயிலை பழைய பெயருடன் உலகைச் சுற்றிவந்தது. பண்டத்துக்கு ஐயமற்ற நாடொன்று இருந்தது. அதைக் கொய்தோருக்கு இல்லாதிருந்தது.

லிப்டனது வணிகமும் கைமாறிக்கொண்டே வந்துள்ளது. 1927இலே பிரித்தானியக் கம்பனி அவரது கட்டுப்பாட்டிலிருந்து நீங்கியது. பின்னர் யுனிலீவரின் பகுதியாகி, 2022இலே முதலீட்டு நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டது. உடைமையாளர் மாறினாலும் பெயர் நீடிப்பதே அதன் மதிப்பு.

ஆய்வாளர் செய்யவேண்டியது யாது? ‘றிலையன்ஸ்’ கப்பலின் பாய்ப்பரப்பை நாம் சதுர அடிக்கணக்கில் அறிவோம். அதே 1903ஆம் ஆண்டிலே தம்பேதன்ன மலையிற் கொழுந்தெடுத்தோரின் பெயர்களை அறியோம். அவர்களுக்கும் பெயர்கள் இருந்தன. கூலி எழுதும் செக்றோலிலே, பிறப்பு இறப்புப் பதிவுகளிலே, கோயிற் கணக்குகளிலே, கல்லறைகளிலே, முதியோர் நினைவிலே அவை சிதறிக் கிடக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் பழைய காரியாலயங்கள் இடிக்கப்பட்டும் வருகின்ற நிலையிலே, அப்பதிவேடுகளைத் தேடிப் பாதுகாப்பது காலந் தாழ்த்த முடியாத பணி. லிப்டனின் வாழ்க்கை வரலாற்றிலே இன்னும் எழுதப்படாத அதிகாரம் அதுவே.